டீம் ஃபைட்டில் ஏடிசி சொதப்புகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

ஐந்து பேர் கொண்ட இரு அணிகள் மோதும் கணினி விளையாட்டான லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் ஏடிசி (தூரத்திலிருந்து அடித்து அணிக்கு டேமேஜ் சேர்ப்பவர்) ஆடுகிறவர்களுக்கான குறிப்பு இது. அதிலும் லேனில் (தொடக்கத்தில் நின்று ஆடும் பாதை) மினியன் (கணினி இயக்கும் சிறு வீரர்கள்) கணக்கு ஒழுங்காக வருகிறது, முதல் பதினைந்து நிமிடம் கோல்டில் முன்னால் இருக்கிறோம், ஐந்துக்கு ஐந்து சண்டை என்று வந்ததும் எல்லாம் கலைந்துபோகிறது என்பவர்களுக்கு. லேனைப் பற்றி இங்கே ஒன்றும் இல்லை. ஐட்டம் பில்டும் (எந்தப் பொருளை எந்த வரிசையில் வாங்குவது) கொஞ்சம்தான். அது பேட்ச்சுக்குப் பேட்ச் (கேம் அப்டேட்) மாறும், எழுதி வைத்துப் பயனில்லை.

"எனக்கு எய்ம் பத்தாது" என்று சொல்பவர்களுக்கு முதலில் ஒன்று. ஏடிசியின் சாதாரண அடி தவறவே தவறாது. டீமோ என்ற சாம்பியன் (ஆட்டப் பாத்திரம்) கண்ணைக் கட்டினால், ஜாக்ஸ் விளக்கைச் சுழற்றித் தடுத்தால், இப்படிச் சில விதிவிலக்குகள் உண்டு. மற்றபடி கிளிக் செய்த ஆள்மேல் அடி போய் விழும். ஆகவே எய்மை விட்டுவிடுங்கள். பார்க்க வேண்டியவை இரண்டே எண்கள்: சண்டையில் எத்தனை நொடி உயிரோடு ரேஞ்ச்சுக்குள் நின்றீர்கள், அந்த நேரத்தில் எத்தனை அடி அடித்தீர்கள்.

இதை மனசுக்குள் ஊகிக்க வேண்டாம், அளந்து பாருங்கள். மேட்ச் ஹிஸ்டரியில் ரீப்ளேயை இறக்கிக்கொள்ளலாம். அடுத்த பேட்ச் வந்துவிட்டால் பழைய ரீப்ளே திறக்காது, அதனால் அன்றைக்கே பார்த்துவிடுங்கள். தோற்ற சண்டைகளாக இரண்டு மூன்றை எடுத்து, வேகத்தைக் குறைத்து வைத்து, உங்கள் அடிகளை மட்டும் எண்ணுங்கள். அட்டாக் ஸ்பீட் 1.2, சண்டை எட்டு நொடி என்றால் ஒன்பது அடி வரை விழுந்திருக்க வேண்டும். யாருக்கும் ஒன்பது விழாது. ஆறு விழுந்தால் நன்றாக ஆடியிருக்கிறீர்கள். இரண்டு மூன்றுதான் என்றால் ஏன் என்று பாருங்கள். செத்ததாலா, தூரத்தில் நின்றதாலா, விரலாலா, நெட்டாலா? விடைக்கு ஏற்ற பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: சண்டை தொடங்கியதும் ஸ்கிரீன் சாம்பல் நிறமாகிவிடுகிறது

பத்தில் ஏழெட்டுப் பேர் இங்கேதான் வந்து நிற்பார்கள் என்பது என் எண்ணம். அதனால் இதற்கே அதிக இடம்.

செத்ததும் டெத் ரீகேப்பைத் திறந்து "ஒரியானா இவ்வளவு அடிச்சிருக்கா, எப்படித் தாங்குறது" என்று எழுதுவது வழக்கம். அந்தப் பட்டியல் உங்களைத் திசைதிருப்பும். அதிகமாக அடித்தது யார் என்று அது சொல்லும், உங்களை அசையவிடாமல் நிறுத்தியது எது என்று சொல்லாது. ஒரியானாவின் பந்து மெதுவாக நகர்வது, கால் ஓடினால் விலகிக்கொள்ளலாம். கால் ஓடாமல் போனது அதற்கு ஒரு நொடி முன்னால். ரீப்ளேயில் அந்த நொடிக்குப் போய், சிசி (அசையவிடாமல் செய்யும் ஸ்பெல்) போட்ட ஆளுக்கும் உங்களுக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருந்தது என்று பாருங்கள்.

சரிசெய்வது லோடிங் ஸ்கிரீனிலேயே தொடங்குகிறது. எதிரே ஐந்து பேர், ஆளுக்கு நான்கு என்று இருபது ஸ்பெல். இருபதையும் கணக்கில் வைத்துக்கொண்டு யாராலும் ஆட முடியாது. கபடியில் ரெய்டுக்குப் போகிறவர் ஏழு பேரையும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை, கார்னரில் நிற்கும் இருவர் மேல்தான் கண் இருக்கும். அதே போல "இது என்மேல் விழுந்தால் அதன் பிறகு நான் செய்ய ஒன்றுமில்லை" என்று சொல்லத்தக்க ஸ்பெல் ஒன்றோ இரண்டோ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மால்ஃபைட்டின் அல்ட் (ஓர் ஆளின் மிகப் பெரிய ஸ்பெல்), பிளிட்ஸ்கிராங்கின் கொக்கி, லியோனாவின் அல்ட், மால்ஸஹாரின் அல்ட் எல்லாம் இந்த வகை. ஸெட், ரெங்கார் போன்ற அசாசின் (பாய்ந்து வந்து ஒருவரைச் சட்டென்று கொல்பவர்) இருந்தால் ஸ்பெல்லுக்குப் பதில் அந்த ஆளையே எழுதிக்கொள்ளுங்கள். மீதி ஸ்பெல்கள் பட்டால் வலிக்கும், அவ்வளவுதான்.

இப்போது தூரம். மால்ஃபைட்டின் அல்ட் 1000 யூனிட் (கேமின் தூர அளவு) பாயும். ஆஷின் ரேஞ்ச் 600, கெய்ட்லினுக்கு 650, லூசியனுக்கு 500. அதாவது மால்ஃபைட்டிடம் அல்ட் இருக்கும்வரை அவரை அடிக்கிற தூரத்தில் நிற்கும் எந்த ஏடிசியும் அவர் வாய்க்குள்தான் நிற்கிறார். 1000 யூனிட் எவ்வளவு என்று கண்ணுக்குப் பழக, டவரை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். டவரின் ரேஞ்ச் 750. அதோடு இன்னொரு மூன்றில் ஒரு பங்கு சேர்த்தால் 1000.

"அவ்வளவு தள்ளி நின்றால் டேமேஜ் எப்படி வரும்?" கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆஷின் அடிப்படை வேகம் 325, பெர்சர்க்கர் பூட்ஸ் 45 சேர்த்தால் 370. மால்ஃபைட்டிலிருந்து 1050 யூனிட் தள்ளி நிற்கிறீர்கள். அவர் வேறு யார் மேலாவது பாய்ந்த மறுகணம் நடக்கத் தொடங்கினால், 600-க்கு வர 450 யூனிட் நடக்க வேண்டும். ஏறத்தாழ 1.2 நொடி. அவர் தூக்கியடித்த உங்கள் ஆள் காற்றில் இருக்கும் நேரம் 1.5 நொடி. உங்கள் ஆள் தரையில் இறங்கும் முன்பே நீங்கள் முதல் அம்பை விட்டுவிடலாம். காத்திருந்ததற்கான விலை ஒரு அடி, மிஞ்சினால் இரண்டு. காத்திருக்காமல் அந்த அல்ட்டை வாங்கிக்கொண்டால் மீதி எல்லா அடியும் போச்சு.

இதையே ஒரு டிராகன் (கொன்றால் அணிக்குப் பலம் தரும் மிருகம்) சண்டையில் வைத்துப் பார்ப்போம். நீங்கள் ஆஷ், சப்போர்ட் (ஏடிசிக்குத் துணை நிற்பவர்) லூலு. எதிரே மால்ஃபைட், ஸெட், ஒரியானா, இன்னும் இருவர். மால்ஃபைட் டிராகன் குழியின் வாயில் நிற்கிறார். ஸெட்டை மேப்பில் காணோம். உங்கள் டாப் லேனர் (மேல் பாதைக்காரர்) முன்னால் போகிறார், மிட் (நடுப் பாதைக்காரர்) அவருக்குப் பின்னால். விரல் அரிக்கும். மால்ஃபைட் உங்கள் ஸ்கிரீனில்தான் இருக்கிறார், இரண்டு எட்டு வைத்தால் அடிக்கலாம். வைக்காதீர்கள். இந்த நேரத்தில் ஆஷின் வாலி (அம்புக் கொத்து) போட்டு எதிரிகளை மெதுவாக்கலாம், அதற்குத் தூரம் போதும். மால்ஃபைட் உங்கள் மிட் மேல் பாய்கிறார். இப்போது நடங்கள், முதல் அம்பு போகட்டும். யாரை அடிப்பது? உங்களுக்கு மிக அருகில், அல்ட் தீர்ந்துபோய், உங்கள் கூட்டத்துக்கு நடுவே நிற்கும் மால்ஃபைட்டைத்தான். பின்னால் நிற்கும் ஒரியானாவை நினைத்து ஏங்க வேண்டாம். ஸெட் இன்னும் வரவில்லை, அதனால் லூலுவைத் தாண்டி ஒரு எட்டும் வைக்கக் கூடாது.

நாலைந்து அடி போயிருக்கும், ஸெட் வருகிறார். நிழல் ஒன்றை எறிந்து, அதில் மாறி, உங்கள் மேல் அல்ட் போடுகிறார். அவர் மறைந்ததும் பலரின் விரல் தானாக ஃப்ளாஷுக்கு (சட்டென்று கொஞ்ச தூரம் தாவும் ஸ்பெல்) போகும். அது வீண். எங்கே ஃப்ளாஷ் போட்டாலும் அவர் உங்கள் பக்கத்திலேயே வந்து இறங்குவார். இறங்கிய பிறகுதான் ஷூரிக்கன்களை எறிவார், உண்மையான அடி அதுதான். அவர் வைத்த முத்திரை 3 நொடி கழித்து வெடிக்கும். அதற்குள் அவர் உங்களுக்கு எவ்வளவு அடி கொடுத்தாரோ அதன் ஒரு பங்கு வெடிப்பில் சேரும். ஆகவே ஷூரிக்கனுக்கு விலகினால் வெடிப்பும் சிறுத்துவிடும். ஃப்ளாஷை அந்த இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். லூலுவும் அவர் இறங்கியதும் பாலிமார்ஃப் (ஆளைச் சிறு பிராணியாக்கி அடிக்கவிடாமல் செய்யும் ஸ்பெல்) போட்டால் போதும்.

மால்ஃபைட் உங்களுக்காகவே அல்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றால்? விவரமான ஆள் அப்படித்தான் செய்வார். அப்போது அவர் பாயும் தூரத்தின் கடைசி விளிம்பில் நிற்பதற்கும் நடுவில் நிற்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அந்தப் பாய்ச்சலின் வேகம் நொடிக்கு 1,800 யூனிட்டுக்கு மேல். 1000 யூனிட் தள்ளி நின்றால் அரை நொடி கிடைக்கும், கண்ணால் பார்த்து ஃப்ளாஷ் அழுத்த அது போதும். 400 யூனிட்டில் நின்றால் கால் நொடிகூடக் கிடைக்காது. அங்கே எவ்வளவு வேகமான கை இருந்தும் பயனில்லை.

ஃப்ளாஷ் இல்லாத நேரத்தில் இதே இடத்தில் நிற்பதும் தப்பு. அடிப்படையில் அதன் கூல்டவுன் 300 நொடி. கொன்ற டிராகன் திரும்பி வருவதும் 5 நிமிடம் கழித்துத்தான். ஒரு டிராகனில் எரித்த ஃப்ளாஷ் அடுத்த டிராகன் பிறக்கும்போதுதான் கைக்கு வரும் என்று நினைவில் வையுங்கள். நடுவில் வரும் சில்லறைச் சண்டைகளில் இன்னும் 200 யூனிட் பின்னால் நில்லுங்கள், அல்லது சண்டையே வேண்டாம் என்று பிங் (அணிக்குக் காட்டும் சைகை) அடியுங்கள்.

ஃப்ளாஷை முன்னால் போட்டு ஜெயித்த கதையும் உண்டு. 2017 லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் உலகக் கோப்பை இறுதிப் போட்டி, பெய்ஜிங் பறவைக்கூடு மைதானம். சாம்சங் கேலக்ஸியின் ஏடிசி ரூலர், வாரஸை வைத்துக்கொண்டு எதிரணி எஸ்கேடியின் மிட் ஃபேக்கர் மேல் முன்னால் ஃப்ளாஷ் போட்டு அல்ட்டைப் பாய்ச்சினார். ஆட்டமும் அத்தோடு முடிந்தது, சாம்சங் 3-0. அதைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு சண்டையிலும் முன்னால் ஃப்ளாஷ் போடும் வாரஸ்கள் இன்றைக்கும் நம் ரேங்க் ஆட்டங்களில் இருக்கிறார்கள். அவருக்கு அது பலித்ததற்குக் காரணம், ஃபேக்கர் மாட்டினால் அடுத்த நொடியே அடிக்க அணியினர் கூடவே நின்றார்கள்.

க்விக்சில்வர் சாஷ் (சிசியை நீக்கும் ஐட்டம்) வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையைப் பற்றி ஒரு வரி. மால்ஸஹார், வார்விக் பிடித்துக்கொள்ளும் சப்ரெஷனுக்கு அது அருமையான மருந்து, ஆஷின் அம்பு மாதிரியான ஸ்டன்னுக்கும் வேலை செய்யும். மால்ஃபைட், யாசுவோ மாதிரி தூக்கியடிப்பதற்கு வேலை செய்யாது. காற்றில் இருக்கும்போது எவ்வளவு அழுத்தினாலும் இறங்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். எதிரணியில் எது இருக்கிறது என்று பார்த்துக் காசு போடுங்கள்.

அறிகுறி: சாகவில்லை, ஆனால் டேமேஜ் கிராஃபில் சப்போர்ட்டுக்குக் கீழே

மேலே சொன்னதை அளவுக்கு மீறிக் கடைப்பிடித்தால் இப்படி ஆகும். சாவு எண்ணிக்கை குறைந்த சந்தோஷத்தில் ஆள் இரண்டு ஸ்கிரீன் தள்ளி நிற்பார். காத்திருந்தது ஒரு ஸ்பெல்லுக்காக. அது போய்விட்டது என்று தெரிந்த நொடியே முன்னால் வர வேண்டும். வராமல் "இன்னும் ஏதாவது இருக்குமோ" என்று நிற்பதுதான் கோளாறு. ரீப்ளேயில் எதிரியின் அந்த ஸ்பெல் போன நேரத்தையும் உங்கள் முதல் அடி விழுந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இடைவெளி இரண்டு நொடிக்கு மேல் போனால் இதுதான் உங்கள் சிக்கல்.

இன்னொரு காரணம், குறியை மாற்றிக்கொண்டே இருப்பது. "ஏடிசியை முதலில் கொல்" என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, எதிரணி ஏடிசிக்கு வழி தேடி டேங்க்கை (அடி தாங்கும் முன்வரிசை ஆள்) சுற்றிச் சுற்றி வருவார்கள். அடி ஒன்றும் விழாது. இதற்கும் கணக்கு இருக்கிறது. ஆர்மர் (அடியைக் குறைக்கும் கவசம்) 100 என்றால் உங்கள் அடியில் பாதி இறங்கும், 200 என்றால் மூன்றில் ஒரு பங்கு, 60 என்றால் 62.5 சதவீதம். அடிக்கு 100 என்று வைத்துக்கொள்வோம். 200 ஆர்மர் டேங்க்கைப் பாதுகாப்பாக ஐந்து நொடி அடித்தால், 1.2 வேகத்தில் ஆறு அடி, 198 இறங்கும். 60 ஆர்மர் ஏடிசியை நோக்கி உள்ளே புகுந்து, சாவதற்குள் இரண்டு அடி அடித்தால் 125. டேங்க்கை அடித்தவர் இன்னும் உயிரோடு இருக்கிறார், ஆறாவது நொடியும் அடிப்பார். அருகில் இருப்பவரை அடி, அதைவிட நல்ல குறி தானாக ரேஞ்ச்சுக்குள் வந்தால் மாற்று. வேறு வித்தை எதுவும் இதில் இல்லை.

விதிவிலக்கு உண்டு. எதிரணியின் மென்மையான ஆள் தவறிப்போய் உங்கள் பக்கமாக வந்து, அவரிடம் ஃப்ளாஷும் இல்லை என்றால், டேங்க்கை விட்டுவிட்டு அவரை அடிப்பதில் தயங்கவே கூடாது.

மூன்றாவது காரணம் சண்டைக்கே தாமதமாக வருவது. டிராகன் பிறக்க இருபது நொடி இருக்கும்போது டாப் லேனில் ஒரு அலை மினியனை விட மனமில்லாமல் நிற்கும் ஏடிசிக்குப் பொசிஷனிங் பாடம் எதற்கு? ஒரு நிமிடம் முன்பே பொருள் வாங்கிக்கொண்டு ஆற்றுப் பக்கம் வந்துவிடுங்கள்.

அறிகுறி: அடி நிறைய விழுகிறது, டேங்க் சாகவே மாட்டேன் என்கிறார்

இது ஐட்டம் கோளாறு. எதிரியைக் கிளிக் செய்து அவர் ஆர்மரையும் ஹெச்பியையும் சண்டைக்கு முன்பே பாருங்கள். ஆர்மர் 150-ஐத் தாண்டியிருந்தால் சதவீதக் கணக்கில் ஆர்மரைக் குறைக்கும் ஐட்டம் (லார்ட் டொமினிக்ஸ் வகை) அடுத்து வந்தே ஆக வேண்டும். 35 சதவீதம் குறைக்கிறது என்று வைத்துக்கொண்டால் 200 ஆர்மர் 130 ஆகும், இறங்கும் அடி 33-லிருந்து 43-க்கு ஏறும். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல். அதே காசுக்கு இன்னொரு கிரிட் (சில அடிகளைப் பெரிதாக்கும்) ஐட்டம் வாங்கினால் டேங்க் மேல் இவ்வளவு ஏறாது. முண்டோ, ஏட்ராக்ஸ், சொராக்கா மாதிரி ரத்தம் ஏற்றிக்கொள்பவர்கள் என்றால் ஹீலிங்கை 40 சதவீதம் வெட்டும் மார்ட்டல் ரிமைண்டர். ஆர்மர் குறைவு, ஹெச்பி மலை என்றால் பிளேட் ஆஃப் தி ருயின்ட் கிங். எதிரே இரண்டு மூன்று டேங்க் என்று டிராஃப்ட்டிலேயே (ஆட்டத்துக்கு முன் சாம்பியன் தேர்வு) தெரிந்தால் வேன், காக்மா போன்றவர்களை எடுப்பது இதைவிட எளிய வழி.

அறிகுறி: விரல்தான் கேட்க மாட்டேன் என்கிறது

சண்டையில் ஆள் எதிரியை அடிக்காமல் எதிரியை நோக்கியே நடந்து போகிறார் என்றால், கிளிக் ஆளின் மேல் விழாமல் பக்கத்துத் தரையில் விழுந்திருக்கிறது. கூட்டத்தில் இது எல்லோருக்கும் நடக்கும். மருந்து அட்டாக் மூவ். ஷிஃப்ட்டோடு ரைட் கிளிக் என்பது இயல்பான அமைப்பு, ஹாட்கீ அமைப்பில் அதை ஏ கீக்கு மாற்றிக்கொண்டால் கை சுலபமாகப் போகும். தரையில் கிளிக் விழுந்தாலும் ரேஞ்ச்சில் இருக்கும் அருகிலுள்ள எதிரியை அடிக்கும்.

இதில் ஒரு தேர்வு இருக்கிறது. இயல்பாக அது உங்கள் ஆளுக்கு மிக அருகில் இருப்பவரை எடுக்கும். செட்டிங்ஸில் 'அட்டாக் மூவ் ஆன் கர்சர்' போட்டால் கர்சருக்கு அருகில் இருப்பவரை எடுக்கும். பின்வாங்கிக்கொண்டே அடிக்கும்போது முதல் வகை வசதி. கர்சரை உங்கள் ஆளின் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, எதிரிக்கும் தரைக்குமாக மவுஸை இழுக்காமல் அடிக்கலாம். மினியன் கூட்டத்தில் அது மினியனை எடுத்துத் தொலைக்கும், அங்கே இரண்டாம் வகை நல்லது. நான் முதல் வகையின் கட்சி. ஆனால் இரண்டையும் ஒரு வாரம் ஆடிப் பார்த்துவிட்டு ஒன்றில் நில்லுங்கள், தினமும் மாற்றாதீர்கள். ரைட் கிளிக்கில் குறிப்பிட்ட ஆளை அடிக்கும்போது மினியன் குறுக்கே வந்தால், சாம்பியன்களை மட்டும் குறிவைக்கும் கீ கீபோர்டில் எஸ்கேப்புக்குக் கீழே இருக்கிறது.

அடி பாதியில் நின்றுபோவது வேறு கோளாறு. ஒவ்வொரு அடிக்கும் இரண்டு பகுதி: கை ஓங்கும் நேரம், அடி கிளம்பிய பிறகு அடுத்த அடி வரை ஓய்வு. ஓங்கும் நேரத்தில் நகர்ந்தால் அடி கிளம்பாது. ஓய்வில் எவ்வளவு நகர்ந்தாலும் ஒன்றும் கெடாது. ஆஷுக்கு ஓங்கும் நேரம் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூட, கெய்ட்லினுக்கு அதைவிடக் குறைவு. அட்டாக் ஸ்பீட் 1.0 என்றால் ஏறத்தாழ 0.8 நொடி உங்கள் கையில் மிச்சம். 370 வேகத்தில் அதற்குள் 300 யூனிட் வரை நடக்கலாம். ஒரு ஃப்ளாஷின் தூரமே 400தான். இரண்டு அடிக்கு நடுவில் முக்கால் ஃப்ளாஷ் இலவசமாகக் கிடைக்கிறது, அதை நின்ற இடத்திலேயே நின்று வீணாக்குகிறோம்.

பழக்கத்துக்குப் பிராக்டிஸ் டூலில் பொம்மை ஒன்றை வைத்து, ஐட்டம் எதுவும் இல்லாமல் தொடங்குங்கள். வில் நாண் விடும் சத்தம் கேட்டதும் நகர்வு கிளிக், திரும்ப அட்டாக் மூவ். சத்தத்துக்கு முன் கிளிக் செய்தால் அம்பு வராது, உடனே தெரிந்துவிடும். சரியாக வந்ததும் அட்டாக் ஸ்பீட் ஐட்டம் ஒன்று வாங்கித் தாளத்தை வேகப்படுத்துங்கள். ஆட்டத்துக்கு முன் கொஞ்ச நேரம் போதும். மணிக்கணக்கில் பொம்மையை அடிப்பதால் பொம்மையை அடிக்கத்தான் வரும்.

அறிகுறி: ஒரு நாள் வருகிறது, ஒரு நாள் வரவில்லை

கன்ட்ரோலும் எஃப்-ம் சேர்த்து அழுத்தினால் பிங்கும் (இங்கே, சர்வருக்குச் செய்தி போய்வரும் நேரம், மில்லி நொடியில்) எஃப்பிஎஸ்-ம் (நொடிக்கு எத்தனை படம்) ஸ்கிரீனில் வரும். பலர் பிங் அதிகம் என்று புலம்புவார்கள். பிங் சீராக இருந்தால் 70-இல் கூடக் கைட் (அடித்துக்கொண்டே நகர்வது) செய்யலாம். அடி கட்டளையும் நகர்வுக் கட்டளையும் ஒரே அளவு தாமதமாகப் போய்ச் சேரும், நடு இடைவெளி மாறாது. அது 40-க்கும் 120-க்கும் தாவிக்கொண்டே இருந்தால்தான் நகர்வு முந்திப்போய் அடியைக் கெடுக்கும். ஆகவே குறைந்த பிங்கைவிட ஆடாத பிங்கைத் தேடுங்கள். வைஃபையை விட்டுக் கேபிள் போடுவதுதான் முதல் வேலை, பெரும்பாலும் அதுவே கடைசி வேலையும்.

இங்கிருந்து சிங்கப்பூர் சர்வரில் ஆடுகிறவர்களுக்கு: சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். நேரடிக் கடலடிக் கேபிள் 2002 முதலே இருக்கிறது. கண்ணாடி இழையில் ஒளி போய்வரவே 30 மில்லி நொடி ஆகும், அதற்குக் கீழே ஆசைப்பட வேண்டாம். ஆனால் சென்னையில் உட்கார்ந்துகொண்டு நிரந்தரமாக 150 வந்தால் தூரத்தைக் குறைசொல்ல முடியாது. உங்கள் நெட் கம்பெனி எங்கேயோ சுற்றி அனுப்புகிறது. பக்கத்து வீட்டில் வேறு கம்பெனி இணைப்பு இருந்தால் ஒரு மாலை அங்கே ஆடிப் பாருங்கள்.

சண்டை நடக்கும்போது மட்டும் எஃப்பிஎஸ் விழுந்தால் நிழல்களை அணைத்து, எஃபெக்ட் தரத்தைக் குறைத்து, எஃப்பிஎஸ்-க்கு உச்சவரம்பு போடுங்கள்.

அறிகுறி: டேமேஜில் முதலிடம், ஆனால் தோல்வி

இந்த கிராஃபைப் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பும் பழக்கத்தை விட்டால் பாதி சரியாகிவிடும். கிராஃப் மொத்தக் கூட்டலைத்தான் காட்டுகிறது. ஐந்து பேருக்கும் ஆளுக்கு 30 சதவீதம் ரத்தம் இறக்கினாலும் எதிரே ஐந்து பேர் முழு பலத்தோடு அடிப்பார்கள். அதே டேமேஜை ஒருவர் மேல் குவித்திருந்தால் ஒருவர் குறைந்திருப்பார். தூரத்திலிருந்து எறிந்து எறிந்து சேர்த்த டேமேஜை எதிரி வீட்டுக்குப் போய்க் கழுவிக்கொண்டு வந்துவிடுவார், கிராஃபில் மட்டும் அது அழியாது. உங்கள் மிட் யாரை அடிக்கிறாரோ அவரையே அடியுங்கள். சண்டைக்கு முன் ஒரே ஒரு பிங் அந்த ஆள் மேல் வைத்தால் போதும்.

இன்னொன்று இதைவிடப் பெரியது. சண்டையில் ஜெயித்துவிட்டு, தப்பி ஓடும் ஐந்தாவது ஆளைத் துரத்திக்கொண்டு இருட்டான ஜங்கிளுக்குள் போய்ச் சாவது. எதிரே நான்கு பேர் செத்திருக்கும்போது உங்கள் உயிருக்கு இருக்கும் மதிப்பு சண்டை நடந்தபோதுகூட இல்லை. டவரை வேகமாக உடைப்பது நீங்கள்தான், பேரன் என்ற பெரிய மிருகத்தை வேகமாக அடிப்பதும் நீங்கள்தான். ஓடுகிற ஒருவரின் 300 கோல்டுக்காக அதை அடகு வைக்கலாமா? ஸ்கோர்போர்டைத் திறந்து எதிரிகள் திரும்ப எத்தனை நொடி என்று பாருங்கள். நாற்பது இருந்தால் பேரன் அல்லது இன்ஹிபிட்டர் (எதிரி தளத்தில் உள்ள முக்கியக் கட்டடம்). இருபதுக்குக் கீழே என்றால் ஒரு டவர், இல்லையென்றால் வீடு திரும்பிக் கையிலிருக்கும் கோல்டைச் செலவழியுங்கள். 2,000 கோல்டை பையில் வைத்துக்கொண்டு அடுத்த சண்டைக்குப் போகும் ஏடிசி ஒரு ஐட்டம் குறைவாகத்தான் சண்டை போடுகிறார்.

அறிகுறி: சப்போர்ட் என்னை விட்டுட்டுப் போயிடுறார்

சில சமயம் அது சரியான முடிவு. லியோனா, நாட்டிலஸ் போன்றவர்களின் வேலையே முன்னால் பாய்வது. அவர்களைப் பக்கத்தில் நில் என்று கேட்பதில் அர்த்தமில்லை, அவர்கள் பாய்ந்த ஆளை நீங்கள் அடிப்பதுதான் ஒப்பந்தம். லூலு, ஜானா, மிலியோ என்றால் கேட்கலாம், ஆனால் செத்த பிறகு இல்லை. அப்போது எழுதுவது எல்லாம் திட்டாகத்தான் போய்ச் சேரும். டிராகனுக்கு அரை நிமிடம் முன்னால், என்ன வேண்டும் என்று பெயர் சொல்லி ஒரு வரி: "ப்ரோ, ஸெட் எங்கிட்ட வந்தா பாலிமார்ஃப் அவனுக்குப் போடுங்க, அல்ட் எனக்கு." தெரியாத ஆள்கூட இதைச் செய்துவிடுவார், ஏனென்றால் யோசிக்க எதுவும் இல்லை. த்ரெஷ் இருந்தால் நீங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு, லாந்தர் விழுந்தால் அதைக் கிளிக் செய்வது. எத்தனை லாந்தர் தரையில் கிடந்தே அணைகிறது என்று ரீப்ளேயில் பாருங்கள்.

கேட்டும் வரவில்லை என்றால் அந்த ஆட்டத்துக்கு அவரை மறந்துவிட்டு, சிசி கையில் வைத்திருக்கும் வேறு ஆளின் நிழலில் நில்லுங்கள். மிட்டில் லிஸான்ட்ராவோ ஆரியோ இருந்தால் ஸெட் உங்கள் மேல் பாயும்போது அவர்களே அவரை நிறுத்திவிடுவார்கள், அவர்களுக்கு அது இலவசக் கில். அப்படி யாரும் இல்லாத அணி என்று டிராஃப்ட்டிலேயே தெரிந்தால் காக்மா வேண்டாம், எஸ்ரியல் எடுங்கள்.